பழைய செட்டிங்

"ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தோம். அவனுக்கு மட்டும் டீம் லீடர் போஸ்ட்டா?"

தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"முதல்ல சாப்பிடுங்க. இந்த வீட்டுல என் பேரைவிட அவர் பேருதான் அதிகமா அடிபடுது" என்றாள் மனைவி.

கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி தினமும் உடுத்தி வருவதால், ஆபீசில் இவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பட்டப்பெயர். பக்கத்து சீட்டுக்காரனுக்குப் 'பழசு'. மேனேஜர் பழசைப் பாராட்டினால் போதும், மாப்பிள்ளைக்கு வயிறு பற்றி எரியும்.

பழசுக்கு அந்தப் பெயர் வந்ததே கம்பைலரால்தான். எழுதிய புரோகிராமைச் சரிபார்த்து, கம்ப்யூட்டர் ஓட்டும்படி மாற்றித் தருகிற மென்பொருள் அது. பழைய விதிமுறையா, புதியதா என்று அதில் ஒரு செட்டிங் உண்டு. "புதுசுக்கு மாறாதவங்களுக்கு இங்க வேலை இல்ல" என்று மேனேஜர் போன மாதமே கறாராகச் சொல்லிவிட்டார். பழசுதான் தனியாகப் போய்க் கெஞ்சி, எல்லோரும் பழைய செட்டிங்கிலேயே தொடரக் கொஞ்ச நாள் தவணை வாங்கி வந்தான். அன்றிலிருந்து அவன் 'பழசு'.

"நான் கேட்டிருந்தா குடுத்திருப்பாரா? அவன் செல்லப்பிள்ளை!" என்று பொருமினான் மாப்பிள்ளை.

மறுநாள் மீட்டிங். பழசுக்குத்தான் போஸ்ட் என்று ஆபீசே பேசிக்கொண்டிருந்தது; அது முடிவாகிற நாள். மாப்பிள்ளை எழுந்தான்.

"சார், இவன் எழுதினது புதுசுல ஓடாது. அதனாலதான் எங்க எல்லாரையும் பழசுலயே பிடிச்சு வச்சிருக்கான். இப்பவே செட்டிங்கை மாத்திப் பாருங்க, சாயம் வெளுத்துடும்."

பழசு பதறிவிட்டான். "வேணாம் சார்! இன்னும் ஒரு வாரம் குடுங்க. எல்லாத்தையும் நானே சரிபண்ணிடுறேன்."

"பாத்தீங்களா, எப்படிப் பயப்படுறான்!"

மாப்பிள்ளைக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. மேனேஜர் தலையசைத்ததும் தானே ஓடிப்போய் செட்டிங்கை மாற்றி, பட்டனைத் தட்டினான்.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைகள் கொட்டின.

"சொன்னேன்ல!"

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பிழையாகப் பார்த்தார். யாருடைய புரோகிராம் என்பதும் பக்கத்திலேயே இருந்தது.

"இது அத்தனையும் நீங்க எழுதினதுங்க. அவரோடதுல ஒரு பிழைகூட இல்ல."

எங்கெங்கோ கிடந்த பழைய புரோகிராம்களை வெட்டி ஒட்டி வேலையை முடித்தது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

மேனேஜர் பழசின் பக்கம் திரும்பினார்.

"'என் புரோகிராம்தான் சார் ஓடாது, டைம் குடுங்க'ன்னு போன மாசம் கெஞ்சினீங்களே. ஏன் பொய் சொன்னீங்க?"

பழசு மெதுவாகச் சொன்னான்.

"ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தோம் சார். அவன் மட்டும் வெளியே போறதா?"