பேர் சொல்ல வந்தவள்

படத்தில் இருந்தது அவள்தான்.

தலையைச் சுற்றிச் சால்வை. பாதி முகம். யார் வீட்டு அழைப்புமணிக் கேமராவோ பிடித்திருந்தது.

தெருக்காரர்களின் குழுவில் அதைப் போட்டுக் கீழே எழுதியிருந்தார்கள். இந்தப் பெண் இன்று காலை மூன்று வீடுகளுக்கு முன்னால் நின்று நோட்டம் பார்த்தாள். யாருக்காவது இவளைத் தெரியுமா?

நாற்பத்திரண்டு பதில்கள். யாருக்கும் தெரியவில்லை.

ஒருவர் போலீசுக்குச் சொல்லச் சொன்னார். இன்னொருவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதால் கவலையில்லை என்றார். அதற்குப் பதினாறு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

டாலஸுக்கு வடக்கே இருந்த அந்தத் தெருவில் அவள் குடியேறிப் பதினோரு வருடம் ஆகிறது.

நின்றது உண்மைதான். சர்க்கரைக்காக நடக்கிறாள். குதிகால் வலித்தால் நின்று நீவிக்கொள்வாள்.

போனைக் கொண்டுவந்து காட்டிய தியாகு, அவள் கணவன், நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"நீ வெளிய நடக்க வேணாம் மங்கை. ட்ரெட்மில் ஒண்ணு வாங்கிரலாம். இது என் வொய்ஃப்தான், ஸாரின்னு நான் எழுதிப் போட்டுடுறேன்."

"எதுக்கு ஸாரி?"

அவன் விரல் திரைமேல் அப்படியே நின்றது.

"எழுதாதீங்க" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. பத்து மணிக்கு நல்ல வெயில். சால்வையை எடுக்கவில்லை. தலையை இழுத்து வாரிப் பின்னிக்கொண்டாள். போனை மேசையிலேயே வைத்தாள். கையில் எதுவும் இருக்கக்கூடாது.

"எவனாவது சுட்டுத் தொலைச்சா என்ன பண்றது? இரு, நானும் வரேன்."

"வேணாங்க. ரெண்டு பேராப் போனா இன்னும் பயப்படுவாங்க."

முதல் வீடு. மணியை அழுத்தினாள். அதைச் சுற்றி நீல ஒளி வளையம் சுழன்றது. யாரும் வரவில்லை.

அவள் கேமராவை நேராகப் பார்த்தாள்.

என் பெயர் மங்கையர்க்கரசி, என்றாள் ஆங்கிலத்தில். நாற்பத்தொன்று பதினேழாம் எண் வீடு. பதினோரு வருடமாக உங்கள் தெருவில் இருக்கிறேன்.

அலுவலகத்தில் அவளை மேகி என்று சுருக்கியிருந்தார்கள். அவளும் போகட்டும் என்று விட்டிருந்தாள். இங்கே ஓர் எழுத்தைக்கூட விடவில்லை.

இரண்டாவது வீட்டில் இயந்திரம் பேசியது. நீங்கள் பதிவு செய்யப்படுகிறீர்கள்.

நல்லது, என்றாள். பெயரைச் சொன்னாள்.

மூன்றாவதில் நாய் குரைத்தது. நாய் ஓயும்வரை நின்றாள். பிறகு சொன்னாள்.

ஆறாவதில் ஓர் ஆண்குரல், ஒலிபெருக்கி வழியாக.

"என்ன விற்கிறீர்கள்?"

"ஒன்றும் இல்லை."

"பின்னே என்ன வேண்டும்?"

"ஒன்றும் வேண்டாம். என் பேரைச் சொல்ல வந்தேன்."

அவள் சொன்னாள். படியிறங்கினாள்.

பத்தாவது வீட்டில் கதவு திறந்தது.

அறுபது வயதிருக்கும். நரைத்த மீசை. ஓர் ஆள் நுழைய முடியாத இடைவெளியில் நின்றான். இடது கை கதவைப் பிடித்திருந்தது. வலது கை கதவுக்குப் பின்னால்.

அவள் அந்தக் கை மறைந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

திரும்பிவிடலாம். தவறான வீடு, மன்னியுங்கள் என்று சொல்லிவிடலாம்.

"மங்கையர்க்கரசி" என்றாள். முந்தைய வீடுகளில் சொன்னதைவிட நிதானமாக. "நாற்பத்தொன்று பதினேழு."

கதவு மூடியது. தாழ் விழும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

நடைபாதை வரைக்கும் வந்தாள்.

அங்கேயே நின்றாள். அவன் வீட்டுக்கு நேர் முன்னால். தபால் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, குனிந்து, குதிகாலை நீவினாள். அவசரமே படவில்லை. ஜன்னல் திரை அசைந்ததைப் பார்த்தாள். பார்த்தபடியே நீவினாள்.

பிறகு வீடு வீடாகப் பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டு போனாள். தெருக்கோடியில் இன்னும் ஒரே ஒரு வீடுதான். வலி கெண்டைக்கால்வரை ஏறிவிட்டது. திரும்பிவிட்டாள்.

தியாகு வாசலிலேயே நின்றிருந்தான். வெந்நீரில் உப்புப் போட்டு அவள் காலடியில் கொண்டுவந்து வைத்தான்.

ஐந்து மணிக்குள் குழுவில் அவள் படங்கள் பதினான்கு. எல்லாவற்றிலும் முழு முகம். எல்லாவற்றிலும் வாய் திறந்திருந்தது.

தியாகு படித்துக்கொண்டே போனான். பைத்தியமாக இருக்கலாம் என்றார் ஒருவர். ஏதோ மத அமைப்பு என்றார் இன்னொருவர். அந்தப் பெயரை யாரோ எழுத முயன்று, பாதியில் விட்டிருந்தார்கள்.

கடைசியாக ஒன்று. படம் இல்லை. வீட்டு எண்ணும் ஒரு கேள்வியும் மட்டும். நாற்பத்தொன்று அறுபத்து மூன்று. தெருக்கோடி வீடு.

தியாகு அதை இரண்டு முறை படித்துவிட்டு அவளிடம் நீட்டினான்.

எல்லார் வீட்டு மணியையும் அடித்திருக்கிறாள். என் வீட்டு மணியை மட்டும் அடிக்கவில்லை. ஏன்?

அவள் வெந்நீரிலிருந்து காலை எடுத்துத் துடைத்தாள்.

"நாளைக்குப் போலாமே மங்கை. கால் வீங்கியிருக்கு பாரு."

"வெளிச்சம் இருக்குல்ல?"

அவள் படியிறங்கிவிட்டிருந்தாள்.