குவைத்துக்காரர் வீடு

"வாடகையே இல்லாம ஷெட்டுல இருக்கீங்க. உங்களுக்கென்ன குறைச்சல்? சம்பாதிக்கிறது அப்படியே மிச்சம்" என்றாள் யமுனா.

தரை துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டிருந்த சென்னம்மா சிரித்தாள். "மிச்சந்தாம்மா" என்றாள்.

யமுனாவுக்கு நிஜமாகவே பொறாமை. கணவனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆபீசர் உத்தியோகம், திருப்பதிக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம். சம்பளம் வந்த கையோடு மூவாயிரம் வாடகைக்குப் போய்விடுகிறது. மிச்சத்தை இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் பார்த்துக்கொள்கிறது. போதாததற்கு அடுத்த மாதம் தவணையில் கார் வேறு வருகிறது. சித்தூரில் மாமியார் வீட்டில் இருந்தவரை மாதாமாதம் தபாலாபீசில் பணம் போட்டவள், இங்கே வந்தபிறகு அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை.

வீட்டு ஓனர் குவைத்தில் இருக்கிறாராம். யாரும் பார்த்ததில்லை. வீடு பார்க்க வந்த அன்றே, ஓனர் என்ன ஆளுங்க என்று யமுனா கேட்டாள். கேட்காமல் எப்படிக் குடிவருவது? புரோக்கர் முனிரத்தினம் தலையைச் சொறிந்துவிட்டு, "பெரிய இடம்மா" என்று மட்டும் சொன்னான். பெரிய இடம் என்றதும் அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. வாடகையை அவனே வந்து வாங்கிப்போவான்.

பின்பக்கம், வீடு கட்டும்போது சிமென்ட் மூட்டை அடுக்கப் போட்ட தகர ஷெட்டில் ரங்கையாவும் சென்னம்மாவும் இருந்தார்கள். குடிபாலா பக்கத்து ஜனங்கள், வீட்டுக்குக் காவல் என்று முனிரத்தினம் சொல்லியிருந்தான். ரங்கையா பகலில் மேஸ்திரி வேலைக்குப் போவான். அவன் கையில் தங்க நிறத்தில் ஒரு பழைய ஃபாரின் வாட்ச். ஏது என்று கேட்டால், எல்லாம் குவைத் புண்ணியம் என்பான்.

சென்னம்மா துடைத்தால் தரை கண்ணாடிதான். ஆனால் நடு ஹாலுக்கு வந்ததும் நின்றுவிடுவாள். வடக்கு ஜன்னலில் திருமலை நீலமாகத் தெரியும். கிழக்கு ஜன்னல் வெயில் சிவப்புத் தரையில் கட்டம் கட்டமாக விழுந்து மெதுவாக நகரும். கையில் ஈரத்துணி சொட்ட, அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்புவாள்.

அன்றும் அப்படித்தான் நின்றாள்.

"என்ன சென்னம்மா, நின்னுக்கிட்டே கனவா?"

"நம்ம வீட்டுக்குப் போனா கட்டில எங்க போடலாம்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா. ஜன்னலாண்ட போட்டா, படுத்துக்கினே மலையப் பாக்கலாம்."

முதலில் வீட்டைக் கட்டு, அப்புறம் கட்டிலைப் போடலாம் என்று யமுனா கேலி செய்தாள். பின்வாசல் ஜன்னலின் உள்விளிம்பில் கவிழ்த்திருந்த சென்னம்மாவின் தனி டம்ளரை நிமிர்த்தச் சொல்லி, படாமல் தூக்கிக் காபியை ஊற்றினாள். குடித்ததும் கழுவி அங்கேயே கவிழ்த்துவிட வேண்டும். யமுனா கெட்டவள் இல்லை. அவள் வீட்டு வழக்கம் அப்படி.

காபியோடு ஒரு விஷயத்தையும் சொன்னாள். கார் வந்தால் நிறுத்த இடமில்லை. ஷெட்டைக் காலி பண்ணித் தரச்சொல்லி ஓனருக்குக் கடிதம் எழுதி, காலையில் முனிரத்தினத்திடம் கொடுத்தாயிற்று. மனசில் வைத்துக்கொள்ளாதே, ஆயிரம் ரூபாய்க்கு வெளியே நல்ல ரூமே கிடைக்கும் என்றாள்.

சென்னம்மா வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை இறக்கினாள்.

"மாசம் ஆயிரம் வாடகைக்குப் பூட்டா, அப்பால நாங்க எப்பம்மா நம்ம வீட்டுக்குப் போறது? நாலு வருசமா அந்தத் தகரத்துக்கடியில வெந்துக்கினு கெடக்கறது அதுக்குத்தானே?"

அவள் கண் கலங்கியதைப் பார்க்க யமுனாவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஓனர் என்ன சொல்கிறாரோ பார்ப்போம் என்று உள்ளே போய்விட்டாள். பாதிக் காபியோடு டம்ளர் ஜன்னலிலேயே இருந்தது.

சாயங்காலம் முனிரத்தினம் மொபெட்டைத் தெருவில் நிறுத்திவிட்டு ஷெட்டுக்கு வந்தான். ரங்கையா காலில் ஒட்டிய சிமென்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். சென்னம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். முனிரத்தினம் சட்டைப் பையிலிருந்து இரண்டு கவர்களை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"ஒண்ணு இந்த மாச வாடகை, அக்கா. இன்னொண்ணு ஓனருக்கு வந்த லெட்டரு. உன்னக் காலி பண்ணச் சொல்லி உனக்கே எழுதிக்கீறாங்க."

ஏழு வருஷம் குவைத்தில் ஒட்டகம் மேய்த்து இந்த வீட்டைக் கட்டிய ரங்கையா, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். சென்னம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேசாம உண்மையச் சொல்லிடட்டுமா?" என்றான் முனிரத்தினம்.

"சொன்னா நாளைக்கே காலி பண்ணிக்கினு போயிடுவாங்க. நாம யாருன்னு தெரிஞ்சா நம்ம வீட்டுல இருப்பாங்களா? லோன் முடிய இன்னும் பதினாலு மாசம் கீது. ஓனரு ஒத்துக்கலன்னு சொல்லிடு தம்பி" என்றாள் சென்னம்மா.

இரண்டு கவர்களையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் வைத்த டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதற்காக, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டுப் பின்வாசல் கதவை மெதுவாகத் தட்டப் போனாள்.