பாத்திரத்தில் மிச்சம்

பாத்திரம் கனத்தது.

வழக்கமாக இந்நேரம் அடியில் ஒரு மடக்கு திராட்சரசம்தான் கிடக்கும். இன்று முக்கால்வாசி அப்படியே நின்றது.

கோவிலின் முன்பாதி காலி.

மேலத்தெருக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. உட்கார்ந்திருந்த பாய்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். உபதேசியார் மாசிலாமணியும் கூடவே போனார்.

பாயை எடுத்துப் போனதுதான் குருவானவருக்கு வலித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறவன் பாயை ஏன் எடுக்கிறான்?

அவர் செய்தது இவ்வளவுதான். திருவிருந்துப் பாத்திரத்தை முதலில் கீழத்தெரு ஞானப்பூவின் கையில் கொடுத்தார். விறகு சுமந்து விற்கிறவள்.

இந்த ஊருக்கு அவர் வெள்ளைக்காரக் குருவானவராக, ஊர் வாயில் ஐயராக, வந்து இறங்கிய நாளிலிருந்து மேலத்தெருதான் முதலில் குடிக்கும். அடியில் கிடப்பது கீழத்தெருவுக்கு. கிறிஸ்தவர்களான பிறகும் சாதி மட்டும் ஞானஸ்நானம் வாங்காமல் நின்றுகொண்டது. எல்லாரும் ஒன்று என்று பிரசங்கம் பண்ணிவிட்டு, இறங்கி வந்து அந்த வரிசையை வருஷக்கணக்காக அவரே காத்தார்.

அடுத்த மாதம் சீமைக்குக் கப்பல். மூட்டை கட்டும்போதுதான் மனுஷருக்கு ரோஷம் வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு தடவையாவது, என்று நினைத்தார்.

இப்போது இந்த ரசத்தை என்ன செய்வது?

ஜெபித்துப் பிரதிஷ்டை பண்ணிய ரசம். தரையில் கொட்டக் கூடாது. புட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது. வெளியே கொண்டுபோகவும் கூடாது. மிஞ்சியதைக் குருவானவர் அங்கேயே குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது சபைச் சட்டம். முடியாவிட்டால், பந்தியில் சேர்ந்தவர்களைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

குடித்தார்.

காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு. வெறும் வயிறு. நாலு மடக்கில் தலை சுற்றியது. பீடத்துக் கிராதியைப் பிடித்துக்கொண்டார்.

இன்னும் பாதி இருந்தது.

கீழத்தெரு ஜனங்கள் பின்பாதியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலையில் இவர்கள் வேலைக்கு நிற்க வேண்டியது மேலத்தெருக்காரர்களின் வயலில்.

அதை அவர் இப்போதுதான் யோசித்தார்.

யோசித்ததும் மிகவும் களைப்பாக இருந்தது. அந்தக் கல்தரையிலேயே படுத்துவிடலாம் போல இருந்தது.

கையை உயர்த்தி, வாருங்கள் என்று சாடை காட்டினார்.

யாரும் எழவில்லை.

பிறகு ஞானப்பூ எழுந்து வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கிராதிக்கு முன்னால் மறுபடியும் முழங்காற்படியிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"குடுங்க ஐயரே. மிச்சத்தக் குடிக்கது எங்களுக்குப் புதுசா?"

இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பாத்திரம் அவர் கையிலேயே இருந்தது.