எலி மருந்துக்கு உருண்டை எழுத்து

"எழுத்தைப் பாருங்க. குழந்தை கன்னம் மாதிரி இருக்கு" என்றார் எம்.டி.

அவர் கையில் இருந்தது எலி மருந்துப் பெட்டி.

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். சிலர் தடவியும் பார்த்தார்கள். விற்பனை மேலாளர் மட்டும் முகர்ந்து பார்த்தார். எழுத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தடித்த எழுத்து. மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேர் உட்கார்ந்த மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு முனைகூடக் கூர் கிடையாது, எல்லாம் உருண்டு வழவழவென்று இருக்கும். ஐஸ்கிரீம் வண்டிக்கும் பலூன் கடைக்கும் போடுகிற எழுத்து.

"பழைய பெட்டியில எழுத்து முள்ளு முள்ளா இருந்துச்சு. பார்த்தாலே பயம். எலிதானய்யா பயப்படணும், வாங்குறவன் எதுக்குப் பயப்படணும்?"

எலிக்குப் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அது பதவி உயர்வு அறிவிக்கிற மாதம்.

எழுத்துகள் நெருங்கி நின்றதால் மருந்தின் பெயரைப் பெட்டி முழுக்கப் பெரிதாகப் போட முடிந்தது. எச்சரிக்கைக்கு ஒரு மூலை மிஞ்சியது. அதைப் படிக்கக் கண்ணாடி மட்டும் போதாது, நல்ல மனசும் வேண்டும்.

டிசைனர் எழுந்தான். கசங்கிய நேற்றைய சட்டை. மதியம் அச்சு ஓடத் தொடங்கிவிடும். அதற்குள் நிறுத்தியாக வேண்டும்.

"சார், இந்த எழுத்து வேண்டாம். மாத்திடலாம்."

"நீ போட்டதுதானேப்பா?"

"நான் போட்டதுதான் சார். அதனாலதான் சொல்றேன்."

"பெத்தவனே பிள்ளையைக் குறை சொன்னா எப்படி?"

கூட்டம் சிரித்தது. எம்.டி. சிரிக்கும்போது சிரிப்பதும் அங்கே வேலையில் சேர்த்தி.

பெட்டி எப்படி எடுபடுகிறது என்று பார்க்க, ஆளுக்கொன்றை உள்ளே மருந்தோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார் அவர். சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வாசலில் நின்று பார்க்க வேண்டும். டிசைனரும் நேற்று மாலை பார்த்தான். பளிச்சென்றுதான் தெரிந்தது.

"சார், என் பொண்ணுக்கு இன்னும் எழுத்தே தெரியாது. அவ இதை மிட்டாய்ன்னு..."

தண்ணீர் டம்ளரை எடுத்தான்.

அதற்குள் எம்.டி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்ட ஆரம்பித்திருந்தார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"இதுக்கு மேல என்னய்யா சர்டிபிகேட் வேணும்? படிக்கத் தெரியாத புள்ளைக்கே புடிச்சிருக்கு. ஓட்டச் சொல்லு."

விற்பனை மேலாளர் அச்சகத்தைப் போனில் பிடித்தே விட்டார்.

"பாப்பா எப்பப்பா இப்படிச் சொன்னா?" எம்.டி. ஆசையாகக் கேட்டார். "விளம்பரத்துல அப்படியே வெச்சிடலாம்."

டிசைனர் டம்ளரை வைத்தான்.

"காலையில சார். ஆஸ்பத்திரியில. 'என்னம்மா சாப்பிட்ட?'ன்னு டாக்டர் கேட்டப்ப."