கோணல் டை

“டேப் அறுந்துச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்,” என்றார் கிளைவ். 1962இல் அவர் டிவியில் பாடியதை நிலையத்தார் எப்போதோ அழித்துவிட்டார்கள். அன்று லிவர்பூல் வீட்டில், டிவி முன்னால் மைக்கைப் பிடித்து அவர் அக்கா பதிந்த டேப்தான் மிச்சம்.

டேப்பைச் சரிசெய்யும் காரெத் கம்ப்யூட்டரைத் தட்டினான். இளம் கிளைவின் பாட்டு பளிச்சென்று கேட்டது.

“நடுவுல ஒரு பொம்பளை, ‘டையைப் பாரு, கோணலா கட்டியிருக்கான்’னு கத்திக்கிட்டே இருந்தா சார். சுத்தமா எடுத்துட்டேன்.”

கிளைவின் முகம் வெளிறியது. “எடுத்துட்டியா? டேப்புலயுமா?”

“அதுல அப்படியே இருக்கு சார். ஏன்?”

பெரியவர் நாற்காலியில் சரிந்தார். “பாட்டு கிடக்கட்டும்டா. எங்கம்மா குரல் வேற எதுலயும் இல்ல.”