வசுமதியின் மாத்திரை

ஜெபசிங்கும் அவன் காதலன் கதிரேசனும் சேர்ந்து வாழ வீடு தேடியபோது, வீட்டுக்காரரை நம்பவைக்க ஜெபசிங்குக்கு ஒரு மனைவியை இட்டுக்கட்டினார்கள். ஊரில் இருப்பதாகச் சொன்ன அவள் பெயர் வசுமதி. பிறகு ஜெபசிங் தூக்கமாத்திரைக்கு அடிமையானபோது மருந்துச்சீட்டும் அவள் பெயரிலேயே வந்தது. கதிரேசன் அழுது அரற்றி அவனிடம் சத்தியம் வாங்கினான். அன்று முதல் ஜெபசிங் வாசற்படி ஏறியதும் அவன் பைகளையெல்லாம் கதிரேசன் துழாவுவான். மாத்திரை அட்டை சிக்கினால் கழிப்பறைக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, “கொட்டிட்டேன்” என்று வருவான்.

இன்று மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். பிறகு ஜெபசிங்கைப் பார்த்தார்.

“இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?”

“என் சம்சாரம்ண்ணே.”

“காலையில ஒருத்தர் இதே பேருக்கு வாங்கிட்டுப் போனாரே. காதுல ஒத்தைக் கடுக்கன். அவரும் சம்சாரம்னுதான் சொன்னாரு.”

அந்தக் கடுக்கனைப் போட்டுவிட்டதே ஜெபசிங்தான்.

கடைக்காரர் சீட்டை மேசைக்குள் போட்டுப் பூட்டினார். “இனிமே ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வராதீங்க.”

வீட்டில் கதிரேசன் வழக்கம்போல் துழாவினான். ஜெபசிங் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி நின்றான். பைகளில் ஒன்றுமில்லை என்றதும் அந்த முகம் வாடிப்போயிற்று.