சிவப்புப் புள்ளி

"பாக்கெட்டுல என்ன? எடுங்க" என்றார் தங்கமணி.

பக்கிரிசாமி எடுக்கவில்லை. கட்டுப் போட்ட வலது கையைச் சட்டைப் பையின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். தங்கமணியே கையை விட்டு அள்ளி மேசையில் போட்டார். பத்துப் பன்னிரண்டு மஞ்சள் நிற சேஃப்டி கெப்பாசிட்டர்கள் சிதறி விழுந்தன.

சனிக்கிழமை காலை. மலேசியாவின் கிள்ளானில் இருந்த அந்த எலெக்ட்ரானிக் சாமான் கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் வருகிறவர், நண்பர் என்று சொல்லிக்கொள்ளக் கூடியவர், அவரே கெப்பாசிட்டர் டிராயருக்குள் கையை விட்டதைத் தங்கமணி கண்ணால் பார்த்திருந்தார்.

ஒன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அதன் அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. வேறு கடையில் வாங்கியதை இங்கே கொண்டு வந்து மாற்றித் தரச் சொல்லும் கெட்டிக்காரர்களுக்காக, வருகிற சரக்கில் எல்லாம் அவர் தம் கையாலேயே வைக்கும் அடையாளம்.

"என் புள்ளி இருக்கு. என் சாமான். எடுத்தீங்களா, இல்லையா?"

"எடுத்தேன் அண்ணே."

இல்லையென்று சாதித்திருந்தால்கூடக் கோபம் இவ்வளவு ஏறியிருக்காது. தங்கமணி கைப்பேசியில் அவரைப் படம் எடுத்து, கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'இந்த ஆள் வந்தால் கவனம்' என்று எழுதிப் போட்டார். போட்டதை உரக்கப் படித்தும் காட்டினார். போதும் விடுங்க என்று கல்லாவிலிருந்து மனைவி சந்திரகலா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

பக்கிரிசாமி தலை குனிந்தபடி வாசல்வரை போனார். அங்கிருந்து திரும்பி ஒன்றே ஒன்று கேட்டார்.

"அதை மட்டும் டிராயர்ல திரும்பப் போட்டுடாதீங்க அண்ணே. தனியா வைங்க."

திருடியதும் இல்லாமல் புத்தி வேறு சொல்ல வந்துவிட்டார். தங்கமணி வேண்டுமென்றே, அவர் கண்ணெதிரில், எல்லாவற்றையும் டிராயரில் கொட்டினார். டிராயர் நிரம்பி வழிந்து மூட மறுத்தது. இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளி மூடினார். பக்கிரிசாமி வாயைத் திறந்தார், நின்றிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்து ஜெஞ்சாரோமிலிருந்து வந்திருந்த ராதாகிருஷ்ணனின் முறை. பழைய ரேடியோ ஒன்றுக்கு வீட்டிலேயே பவர் சப்ளை செய்யப் போகிறாராம். டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வோல்ட், ஃபியூஸ் எவ்வளவு தாங்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார் தங்கமணி. கெப்பாசிட்டருக்கு வந்ததும் வழக்கமான பிரசங்கம் ஆரம்பமானது.

"மத்ததுல மலிவு பாருங்க, இதுல பாக்காதீங்க. இது நேரா வீட்டுக் கரண்டு லைன்ல உட்கார்ற சாமான். டுப்ளிகேட்டா இருந்தா தீப்பிடிக்கும், ஆளையே கொண்டுபோயிடும். என் கடையில டுப்ளிகேட்டே கிடையாது லா."

இரண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். ராதாகிருஷ்ணன் எழுத்தைப் படிக்கப் பெருவிரலால் துடைத்தார். ஒன்றில் எழுத்து அப்படியே நின்றது. இன்னொன்றில் எழுத்து மொத்தமும் விரலோடு வந்துவிட்டது.

"என்ன அங்கிள் இது, சாயம் போகுது?"

தங்கமணி வாங்கித் திருப்பிப் பார்த்தார். எழுத்து அழிந்ததில் சிவப்புப் புள்ளி இருந்தது. அழியாததில் புள்ளியே இல்லை.

புள்ளி வைத்ததைக் குறட்டால் உடைத்தார். அவ்வளவு பெரிய கூட்டுக்குள் நகத்தளவு ஒரு குட்டிக் கெப்பாசிட்டர், மிச்சமெல்லாம் வெறும் பசை. இன்னொரு புள்ளியை உடைத்தார், அதுவும் அப்படியே. புள்ளியில்லாத ஒன்றை உடைத்தபோது உள்ளே முழுசாக, நல்ல சாமானாக இருந்தது.

போன மாதம் வழக்கமான ஆளிடம் சரக்கு இல்லை. புதிதாக ஒருவன் லோரியில் கொண்டு வந்ததைச் சோதித்துக்கூடப் பார்க்காமல் வாங்கி, உட்கார்ந்து புள்ளி மட்டும் வைத்தார். பக்கிரிசாமியும் போன மாதம்தான் பவர் சப்ளை செய்யப் போகிறேன் என்று இதே டிராயரிலிருந்து வாங்கிப் போனார். இன்றைக்குக் கையில் கட்டோடு வந்தார். கையில் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கத் தங்கமணிக்குத் தோன்றவில்லை.

டிராயர் ஏன் மூடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதர் சொந்தக் காசில் நல்லதை வாங்கி வந்து டிராயரில் போட்டுவிட்டுத்தான் கெட்டதை எடுத்திருக்கிறார்.

கைப்பேசியைத் திறந்து படத்தை அழித்தார். அதற்குள் பதினெட்டுப் பேர் பார்த்துவிட்டிருந்தார்கள். அந்த டிராயரிலிருந்து யாருக்கும் எதையும் விற்க வேண்டாம் என்று சந்திரகலாவிடம் சொல்லிவிட்டுத் தெருவில் ஓடினார். ஓடும்போதே கைப்பேசி அடித்தது. பக்கிரிசாமிதான். அந்தச் சாமானை விற்றுவிட வேண்டாம் என்று சொல்ல, பஸ் நிறுத்தத்தில் நின்று அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டே போன தங்கமணிக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் போட்டிருந்த கட்டையே பார்த்தபடி கேட்டார்.

"டுப்ளிகேட்டுன்னு அங்கேயே என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல, பக்கிரி?"

"கடையில ஆளுங்க இருந்தாங்களே அண்ணே."